வேப்பங்கொத்து சொருகிய கல்

பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில், நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, வேணு தன் காலில் கிடந்த செருப்பைக் கழற்றிப் பரசுராமனை அடித்தான். ஒரு அடியோடு விடவில்லை. ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஏழு வரை எண்ணினார்கள். அதற்கு மேல் எண்ண மனசு வரவில்லை. கீழ்பென்னாத்தூருக்கு அப்பால் இருக்கிற அந்தக் கல்குவாரிக்குப் பரசுராமன்தான் மேஸ்திரி. இருபது வருஷமாக அவன் சொன்னால் சொன்னதுதான். அப்படிப்பட்டவன் தூசியில் விழுந்து கிடந்தான். எழுந்தான், வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பினான், கொட்டகைக்குள் போய்விட்டான். கூட்டத்தில் யாரோ போனில் படம் பிடித்துவிட்டார்கள்.

வேணுவுக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

வேணுவின் அக்கா திரௌபதி, அடி அண்ணாமலையில் குடியிருக்கிறவள். தோட்டம் போட்டுத் தருவது அவள் தொழில். மலையைச் சுற்றி எங்கெல்லாம் புது வீடும் விடுதியும் எழும்புகிறதோ அங்கெல்லாம் அவளைக் கூப்பிடுவார்கள். செடி நடுவது அந்த வேலையில் கால்வாசிதான். முக்கால்வாசி வேலை சாமான் தேடுவது. உப்பில்லாத செம்மண் எந்த ஊர்ப் பக்கம் கிடைக்கும், நன்றாக மக்கின சாணி யார் வீட்டுக் குழியில் இருக்கிறது, ஓசூரிலிருந்து வருகிற புல்தரைப் புல்லை வெயில் ஏறுவதற்குள் கொண்டுவந்து இறக்குகிற வண்டிக்காரன் யார், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். கல் வாங்கப் போனால் ஒரு பாட்டில் தண்ணீரோடு போவாள். காய்ந்த கல்லை அவள் நம்ப மாட்டாள். மேலே தண்ணீரை ஊற்றி, நனைந்தால் என்ன நிறம் வருகிறது, எங்கே விரிசல் தெரிகிறது என்று பார்த்துத்தான் எடுப்பாள்.

அந்தப் பங்குனியில் அவளால் நேரில் போக முடியவில்லை. ஒரு விடுதிக்கு இருபது உருண்டைக் கல் வேண்டும் என்று பரசுராமனிடம் போனில் சொன்னாள். வந்த லாரியில் மேல் வரிசையெல்லாம் நல்ல கல். அடியில் கிடந்தவை வெடியில் விரிசல் விட்டவை. இறக்கும்போது ஒரு கல் விரிசலோடு இரண்டாகப் பிளந்து, அவளிடம் வேலை செய்யும் மணியின் பாதத்தில் விழுந்தது. செருப்பை வெட்டித்தான் எடுத்தார்கள். இரண்டு விரல் செருப்போடு வந்துவிட்டது.

மணியை ஆஸ்பத்திரியில் சேர்த்த கையோடு வேணு வண்டியை எடுத்துக்கொண்டு குவாரிக்குப் போனான். அதன்பிறகு நடந்ததுதான் அந்தச் செருப்படி.

அதோடு முடியவில்லை. பத்து நாள் கழித்து, கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த வேணுவை மூன்று பேர் சைக்கிள் செயினால் அடித்தார்கள். தலையில் பதினோரு தையல். அவன் பைக்கை நடுரோட்டில் சாய்த்துப் பெட்ரோலை ஊற்றிக் கொளுத்தினார்கள். போலீஸ் வந்து கேட்டபோது வேணு, "கீழ விழுந்துட்டேன் சார்," என்றான். பரசுராமனும் தன் உடைந்த பல்லுக்கு முன்பே அதையேதான் சொல்லியிருந்தான். கேஸ் போட்டு முடிக்கிற விஷயமாக இருவருமே அதை நினைக்கவில்லை.

தலைக்கட்டோடு படுத்திருந்த தம்பியின் கையைத் தன் தலையில் வைத்துத் திரௌபதி சத்தியம் வாங்கினாள்.

"அந்தப் பக்கம் கால் வெக்க மாட்டேன்னு சொல்லு."

"வெக்க மாட்டேன்க்கா."

"அவன எதுவும் பண்ண மாட்டேன்னு சொல்லு."

வேணு கையை உருவிக்கொண்டான். "நான் அவனத் தேடிப் போமாட்டேன். அது உனக்காக. ஆனா அவனா என் எதுர்ல வந்தான்னு வெச்சிக்கோ, அன்னிக்கி ரெண்டு பேர்ல ஒருத்தன்தான் வீட்டுக்குப் போவான். அதுக்கு என்கிட்ட சத்தியம் கேக்காத."

தாய் தகப்பன் இல்லாமல் அவள் தூக்கி வளர்த்த தம்பி அவன். அவளுக்கென்று இருந்த ஒரே ரத்தம். அதற்கு மேல் அவள் வற்புறுத்தவில்லை.

ஆடி மாதம் வந்தது. பெங்களூரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அருணாதேவி என்கிற அம்மாள், அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில் வீடு கட்டி முடித்திருந்தாள். ஆவணி முதல் முகூர்த்தத்தில் கிரகப்பிரவேசம். தோட்டத்து வேலை திரௌபதிக்கு. அந்த அம்மாள் போனில் ஒரு படம் காட்டினாள். ஒரு முழுப் பாறை, அதன் நடு உச்சியிலிருந்து தண்ணீர் பொங்கி, நாலு பக்கமும் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது.

"எனக்கு இது மாதிரி வேணும் திரௌபதி. சிமெண்ட்ல செஞ்சது வேணாம். நெஜக் கல்லு."

அதற்குக் கல்லின் நடுவில் மேலிருந்து அடி வரை குழாய் போக ஒரு ஓட்டை வேண்டும். ஒரு டன் கருங்கல்லில் முழுசாக ஓட்டை போடுவது லேசான வேலை இல்லை. ஆனால் குவாரிக் கல்லில் சில சமயம் வெடி வைக்கப் போட்ட குழி பாதி வரை இருக்கும். கட்டைவிரல் நுழைகிற அகலம், ஊசி போல நேராக. அந்த மாதிரி ஒன்று கிடைத்தால் மீதி ஒரு சாண்தான் துளைக்க வேண்டும்.

திரௌபதி மூன்று நாள் தேடினாள். செங்கம் ரோட்டில் ஒரு இடம், வேட்டவலம் ரோட்டில் இரண்டு இடம். எல்லாக் கல்லிலும் குழி நெடுக்கப் பிளந்து, பக்கவாட்டில் வெறும் தடமாகத்தான் இருந்தது. முழுக்குழியோடு ஒன்றுகூட இல்லை. ஏன் இல்லை என்று அவள் யோசித்திருக்க வேண்டும். வெடித்த குழி கல்லைப் பிளந்துவிடும். குழி முழுசாக நிற்கிறது என்றால் அதில் வெடிமருந்தே வைக்கவில்லை, அல்லது வைத்த மருந்து வெடிக்கவில்லை. மண்ணும் கல்லும் அவளுக்குத் தெரியும். மருந்து தெரியாது.

நான்காம் நாள், வேணுவிடம் சொல்லாமல், பரசுராமனின் குவாரிக்கே போனாள்.

கொட்டகையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த பரசுராமன் எழுந்திருக்கவில்லை.

"வாங்க திரௌபதிம்மா. இன்னிக்கி யார் செருப்ப எடுத்தாந்தீங்க."

"என் கால்ல கெடக்கறது என்னுது. நடக்கறதுக்குப் போட்டுக்கினு வந்தேன்."

"தம்பி வரலியா. வாசல்ல நிக்கிறாரா."

"அவன் இந்த ரோட்டுல கால் வெக்க மாட்டான். சத்தியம் வாங்கிட்டேன். அவன் ஏழு அடிச்சான், நீங்க பதினோரு தையல் போட்டுட்டீங்க. மணிக்கு ரெண்டு விரல் போச்சி. தீந்துது மேஸ்திரி. எனக்கு ஒரு கல்லு வேணும்."

"தீந்துதா." பரசுராமன் டம்ளரைக் கீழே வைத்தான். "எம் பொண்ணு தமிழ்செல்வி வேலூர்ல காலேஜ் படிக்குது. அது கூடப் படிக்கிற பசங்க போனுக்கெல்லாம் அந்த வீடியோ வந்துதாம். லீவுல வந்து என்னக் கேக்குது, 'அப்பா, இது நீயாப்பா'ன்னு. நான் இல்லம்மான்னு சொன்னேன். எம் மூஞ்சி எனக்கே தெரியாதா, அதுக்குத் தெரியாதா."

"செருப்ப எடுத்தது தப்பு. அவன் அக்காவா நான் சொல்றேன். தப்புதான்."

பரசுராமன் குவாரிப் பக்கம் கையைக் காட்டினான். போய்ப் பார்த்துக்கொள் என்று அர்த்தம்.

இரண்டாம் ஆடி வெள்ளி முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. குவாரி முனீஸ்வரனுக்குச் சேவல் அறுத்துப் பூசை போட்டிருந்தார்கள். கம்ப்ரசர், லாரி, கிரேன் எல்லாவற்றிலும் வேப்பிலை கட்டியிருந்தது. திரௌபதி பாட்டிலோடு கல் கல்லாகப் பார்த்துக்கொண்டு கடைசி மூலைக்குப் போனாள். மற்ற கற்களை விட்டு விலகி, ஒரு வேப்பமரத்தடியில் அது தனியாகக் கிடந்தது. இடுப்பு உயரம். உட்கார்ந்த யானைக்குட்டி மாதிரி வளைவு. தண்ணீரை ஊற்றினாள். சாம்பல் நிறம் போய்க் கன்னங்கரேல் என்று வந்தது, நடுவில் செம்மண் நிறத்தில் ஒரு ரேகை. விரிசல் இல்லை. உச்சியில் ஒரு முழுக்குழி. குழிக்குள் ஒரு வேப்பங்கொத்து சொருகியிருந்தது, கொஞ்சம் வாடி.

பூசைக்குச் சொருகினது என்று நினைத்தாள். நீங்களும் நானும் பார்த்திருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்போம்.

அது பூசை வேப்பிலை இல்லை. அந்தக் குவாரியில் மட்டும் இருந்த ஒரு வழக்கம் அது. மருந்து வைத்து வெடிக்காமல் போன குழியில் வேப்பங்கொத்தைச் சொருகிவிடுவார்கள். வெடிகாரர் வந்து பார்க்கிற வரை அந்தக் கல்லை யாரும் தொடக்கூடாது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், காலிக்குழி என்று நினைத்து சின்னசாமி என்கிறவன் துளைத்து, மருந்து வெடித்துச் செத்தான். அதற்குப் பிறகுதான் அந்த வழக்கம் வந்தது. எழுதி வைத்தால் படிக்காதவனுக்குத் தெரியாது, துணி கட்டினால் எவனாவது அவிழ்த்துவிடுவான், வேப்பிலையை மட்டும் நம் ஊரில் யாரும் யோசிக்காமல் பிடுங்க மாட்டான் என்று கண்டுபிடித்தது வேறு யாருமில்லை. பரசுராமன்தான்.

அவன் பின்னாலேயே வந்து நின்றிருந்தான்.

"இதக் குடுப்பீங்களா மேஸ்திரி."

"இதுவா. இது இன்னாத்துக்கு."

"நடுவுல தண்ணி வரணும். குழிக்குக் கீழ ஒரு சாண் தொளச்சா போதும். தொளக்கிற மிஷினு எங்ககிட்டயே இருக்குது."

"யார் தொளக்கிறது."

"வேறெவன். வேணுதான்."

பரசுராமன் கல்லைப் பார்த்தான். சொல்ல வாய் எடுத்தான் என்றுதான் அவன் பின்னால் ஒத்துக்கொண்டான். அந்த நேரம் பார்த்து, அப்பா இது நீயாப்பா என்று மகள் கேட்ட முகம் அவனுக்கு முன்னால் வந்து நின்றது.

"எடுத்துக்கினு போங்க," என்றான்.

கிரேன் ஓட்டுகிறவன் வடக்கேயிருந்து வந்து ஒரு வாரம்கூட ஆகாதவன். அவனுக்கு வேப்பிலைக் கணக்குத் தெரியாது. மற்றவர்கள் பள்ளத்தில் இருந்தார்கள். சங்கிலி போட்டுத் தூக்கி லாரியில் வைத்தார்கள். அடி அண்ணாமலைப் பக்கம் அருணாதேவி வீட்டுக்கு என்று பரசுராமன் காதுபடவே டிரைவருக்கு வழி சொல்லிவிட்டு, திரௌபதி கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"வேப்பில வெச்சிக் குடுக்கிறீங்க. மனசு குளுந்துடிச்சி மேஸ்திரி."

அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

மறுநாள் காலையில் பச்சையம்மாள் புதுக் கொத்து ஒடித்துக்கொண்டு அந்த வேப்பமரத்தடிக்குப் போனாள். செத்துப்போன சின்னசாமியின் பெண்டாட்டி அவள். அதே குவாரியில் இன்னும் ஜல்லி உடைக்கிறாள். வெடிக்காத குழி எங்கே இருந்தாலும் வாடின கொத்தை எடுத்துவிட்டுப் புதுசு வைப்பது அவளாக எடுத்துக்கொண்ட வேலை. கல் இருந்த இடத்தில் பள்ளம்தான் இருந்தது. சங்கிலி உரசின தடம் தெரிந்தது.

கொட்டகைக்கு வந்தாள். "பரசு, அந்தக் கல்லு எங்க."

பரசுராமன் ராத்திரியெல்லாம் தூங்காத கண்ணோடு உட்கார்ந்திருந்தான். "குடுத்துட்டேன்."

"யாருக்கு."

"வேணுவுக்கு."

பச்சையம்மாளுக்குப் புரிய ஒரு கணம்கூட ஆகவில்லை. கையில் இருந்த சம்மட்டியைத் திருப்பி, கட்டைப் பிடியால் அவன் தோளில் அடித்தாள். தடுக்கக் கையைத் தூக்கினான், கையில் அடித்தாள்.

"எம் புருஷன் தலைய மூணு எடத்துல பொறுக்கினேன்டா நானு. நீதான்டா சாக்கப் புடிச்சிக்கினு நின்ன. நீதான்டா வேப்பில சொருவணும்னு சொன்ன. உனக்குத் தெரியாதாடா. சொல்லு, தெரியாதா."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சி குடுத்தியா."

"தெரிஞ்சிதான் குடுத்தேன்." இப்போது அவன் அழுதான். "காலைலேர்ந்து போன எடுத்து எடுத்து வெக்கிறேன். கை வர மாட்டேங்குது."

"கையா. கைய ஒடச்சிப்புடுவேன். போடுறா போன."

போட்டான். வேணு அந்த நம்பரைப் பார்த்ததும் வெட்டினான். இரண்டாம் தரம் போட்டபோது எடுத்தான்.

"இன்னாடா, ஏழு பத்தலியா," என்றான்.

"வேணு, கல்லு..."

"கல்லா. நீ குடுத்த கல்லுல மணி விரலு போச்சிடா." வெட்டிவிட்டான். மூன்றாம் தரம் ரிங்கே போகவில்லை. நம்பரைத் தடுத்துவிட்டான். இது பரசுராமன் குவாரிக் கல் என்பது வேணுவுக்குத் தெரியாது. செங்கம் ரோட்டில் வாங்கினதாக அக்கா சொல்லியிருந்தாள். திரௌபதிக்குப் போட்டார்கள். அவள் ஓசூர்ப் புல் ஏற்றிய வண்டியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்துகொண்டிருந்தாள். போன் பைக்குள், பை புல்லுக்கட்டுக்கு மேலே.

"போலீசுக்கு அடி," என்றாள் பச்சையம்மாள்.

"அடிக்கிறேன். ஆனா அவங்க எடங்கேட்டு வர்றதுக்குள்ள நாம போயிடலாம். ஏறு."

கீழ்பென்னாத்தூரிலிருந்து டவுனுக்குள் நுழைந்து, மலையைச் சுற்றி அடி அண்ணாமலைக்குப் போக முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். பரசுராமன் பைக்கில் அரை மணியில் போனான். டவுனில் ஒரு ஆட்டோவின் கண்ணாடியை உடைத்தான். ஆட்டோக்காரன் விரட்டிக்கொண்டே வந்து, கிரிவலப் பாதை திருப்பத்தில் விட்டுவிட்டான். பின்னால் உட்கார்ந்திருந்த பச்சையம்மாள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "போ, போ," என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அருணாதேவியின் வீட்டு வாசலில் தோட்டத்துக்கு இறக்கின கூழாங்கல் குவிந்து கிடந்தது. வேகமாகத் திருப்பினதில் பைக் அதில் வழுக்கிச் சாய்ந்தது. பச்சையம்மாளின் கால் வண்டிக்கு அடியில் மாட்டி முறிந்தது. மூச்சு அடைத்து அவளால் கத்த முடியவில்லை. பரசுராமன் எழுந்து உள்ளே ஓடினான்.

உள்ளே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கல்லை நடுத்தோட்டத்தில் மேடை மேல் உட்கார வைத்திருந்தார்கள். நொண்டியபடி மணி வயரை இழுத்துக் கொடுத்தான். வேணு வேப்பங்கொத்தைப் பிடுங்கி, மரியாதையாகவே, சுவரோரம் வைத்தான். நீளமான துளைப்பு ஊசி மாட்டின மிஷினைத் தூக்கிக் குழி வாயில் வைக்கப் போனான். அப்போதுதான் பரசுராமன் ஓடி வருவதைப் பார்த்தான்.

தலை கலைந்து, சட்டை கிழிந்து, கையை நீட்டிக்கொண்டு ஓடி வருகிறவனை அவன் வேறு என்னவாக நினைப்பான். மிஷினை மணியிடம் கொடுத்துவிட்டு மண் அள்ளும் சவலை எடுத்தான். பரசுராமன் வாயைத் திறந்து பேச ஆரம்பித்தபோது சவலின் முதுகு அவன் தாடையில் விழுந்தது. எலும்பு உடைகிற சத்தம் ஜெனரேட்டர் சத்தத்தையும் மீறி மணிக்குக் கேட்டது.

பேச வந்தவனுக்கு வாய் போய்விட்டது. என்ன சொன்னாலும் ரத்தமும் கொழகொழப்பும்தான் வந்தது.

"தேடிக்கினு வர்றியாடா. அக்கா வேலை பாக்குற எடத்துல வந்து நிக்கிறியா." இரண்டாம் அடி முதுகில். மூன்றாவது இடுப்பில்.

பரசுராமன் விழுந்தான். விழுந்தவன் வாசல் பக்கம் ஓடவில்லை. கல்லைப் பார்த்துத் தவழ்ந்தான். மேடையைப் பிடித்து ஏறி, கல் மேல் குப்புறப் படுத்துக்கொண்டான். வலது உள்ளங்கையைக் குழியின் வாய் மேல் வைத்து மூடினான்.

"எறங்குடா."

இறங்கவில்லை. வேணு பிளாஸ்டிக் குழாயை எடுத்து அவன் காலில் விளாசினான். தோல் வரிவரியாகக் கிழிந்தது. பரசுராமன் தலையை மட்டும் இல்லை, இல்லை என்று ஆட்டினான். மணி, "போதும்ண்ணே, ரத்தம் ஜாஸ்தியா போவுது," என்றான். வேணு காதில் விழவில்லை. மணி கையிலிருந்த மிஷினைப் பிடுங்கினான். ஊசியை அந்தக் கையின் மேல் வைத்தான்.

"கைய எட்றா. இல்லன்னா தொளச்சிடுவேன்."

பரசுராமன் கண்ணை மூடிக்கொண்டான். கையை எடுக்கவில்லை. வேணு விசையை அழுத்தினான்.

அந்த நேரம் புல் வண்டி வாசலில் வந்து நின்றது. கூழாங்கல் குவியலுக்கு அந்தப் பக்கம் கிடந்த பச்சையம்மாள் திரௌபதியின் கண்ணில் படவில்லை. அவள் முதலில் பார்த்தது தம்பியைத்தான். அவன் வெறியைப் பார்த்து, ஐயோ கொன்றுவிட்டானே என்றுதான் ஓடினாள். ஓடும்போதே அடிபட்டவனைப் பார்த்தாள். புறங்கைக்குள் ஊசி இறங்குகிறது. சதை சுருண்டு வருகிறது. அவன் உடம்பு முழுக்கத் துடிக்கிறது. கை மட்டும் இருந்த இடத்தில் இருக்கிறது.

சூடு பட்டாலே கை தானாகப் பின்னால் போகும். இவன் ஏன் எடுக்கவில்லை.

அவளுக்கு என்னவென்று தெரியவில்லை. அந்தக் குழிக்குள் ஏதோ இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. தம்பியிடம் ஓடவில்லை. கத்தவில்லை. நேராக ஜெனரேட்டருக்குப் போய் வயரைப் பிடுங்கினாள்.

மிஷின் நின்றது. திடீரென்று அமைதி. வாசலில் பச்சையம்மாள் மூச்சு திரும்பிக் கத்துவது இப்போதுதான் கேட்டது.

"மருந்து இருக்குதுடா கல்லுல. வெடிக்காத மருந்துடா. தொடாதீங்கடா."

பரசுராமன் இன்னொரு கையைத் தூக்கிச் சுவரோரம் கிடந்த வேப்பங்கொத்தைக் காட்டினான். பிறகு விரல்களைக் குவித்து, பட்டென்று விரித்துக் காட்டினான். வேணு ஊசி இறங்கியிருந்த அந்தக் கையைப் பார்த்தான். விசையிலிருந்து விரலை எடுத்தான்.

திரௌபதிதான் ஆளுக்கொரு அதட்டல் போட்டு எல்லாரையும் வெளியே விரட்டினாள். ஊசியைக் கையிலிருந்து இழுத்தெடுத்து, பரசுராமனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினது வேணு. அதே புல் வண்டியில், கட்டுகளின் மேல் படுக்க வைத்து, அவனையும் பச்சையம்மாளையும் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

சாயங்காலம் போலீஸ் பக்கத்து வீடுகளையெல்லாம் காலி செய்ய வைத்தது. லைசென்ஸ் வைத்திருக்கிற வெடிகாரர் முருகவேல் வந்து குழியில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். எடுக்க முடியாது என்றார். சுற்றி மணல் மூட்டை அடுக்கி, அங்கேயே வெடிக்க வைத்தார். மணல் மூட்டையெல்லாம் மீறித் தேங்காய் அளவு கல் ஒன்று பறந்து போய் அருணாதேவியின் தேக்கு வாசற்கதவில் பதிந்தது. ஜன்னல் கண்ணாடி ஒன்று மிச்சமில்லை. காலையில் வேணு நின்ற இடத்தில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம்.

போலீஸ் ஆஸ்பத்திரியில் பரசுராமனிடம் பேப்பரும் பேனாவும் கொடுத்தது. இடது கையால் எழுதினான். கல் எப்படிப் போனது என்றதற்கு, 'தெரியாம மாத்தி ஏத்திட்டாங்க.' தாடை எப்படி உடைந்தது என்றதற்கு, 'கீழ விழுந்துட்டேன்.'

வேணு அவன் கட்டிலை விட்டு நகரவில்லை. தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்ததால் கஞ்சியை வடிகட்டிக் குழல் வழியாக ஊட்டினான். தலை சீவி விட்டான். மலச்சட்டி வைத்தான். "என் உசுரக் காப்பாத்தினவரு அக்கா இவரு. நான் அடிக்க அடிக்கக் கைய எடுக்கல. நான் மனுசனாக்கா," என்று கேட்டுக் கேட்டு அழுதான். பார்க்க வந்த தமிழ்செல்வி, அப்பாவின் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் போனில் இப்போது வேறு ஒரு சேதி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. தன் கையைக் கொடுத்து எதிரியைக் காப்பாற்றிய மேஸ்திரி என்று.

நாலாம் நாள், காலுக்கு மாவுக்கட்டு போட்டுப் படுத்திருந்த பச்சையம்மாள், பெண்கள் வார்டில் திரௌபதியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கிட்டச் சொல்லாம என்னால முடியாது. அவன் தெரிஞ்சிதான் அனுப்புனான்."

திரௌபதிக்கு, 'யார் தொளக்கிறது' என்று அவன் கேட்டது நினைவுக்கு வந்தது. 'வேணுதான்' என்று தன் வாயால் சொன்னது நினைவுக்கு வந்தது. அந்தக் கல்லைக் கண்ணில் ஒற்றிக்கொண்டது நினைவுக்கு வந்தது. தம்பியிடம் சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கொன்றுவிடுவான். பிறகு ஆயுசுக்கும் ஜெயில். ஒரு கல்லிடமிருந்து காப்பாற்றின தம்பியைத் தானே தூக்கிக் கொடுத்த மாதிரி ஆகும்.

ஆண்கள் வார்டுக்குப் போனாள். வேணுவிடம், "இளநி வாங்கியா," என்று சொல்லி அனுப்பினாள். கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"தெரியும்ல உனக்கு," என்றாள்.

பரசுராமன் அவளையே பார்த்தான். கண்ணை விலக்கவில்லை. தலையை மேலும் கீழும் ஆட்டினான்.

அவள் அவனுடைய கட்டுப்போட்ட வலது கையை எடுத்தாள். ஊசி இறங்கின இடத்தில் தன் கட்டைவிரலை வைத்தாள். அழுத்தினாள். இத்தனை வருஷம் கடப்பாரை பிடித்த கை அவளுடையது. வெள்ளைத் துணியில் சிவப்பு ஊறிப் பரவியது. பரசுராமனின் உடம்பு வில்லாக வளைந்தது. கம்பி கட்டின தாடைக்குள்ளிருந்து ஒரு முனகல் மட்டும் வந்தது. கையை அவன் இன்றைக்கும் எடுக்கவில்லை.

"இது எனக்கும் உனக்கும். இதோட சரி," என்றாள் குனிந்து, மெதுவாக. "அவனுக்குத் தெரியக்கூடாது. உம் பொண்ணுக்கும் தெரியக்கூடாது. அவன் உன்னச் சாமியா நெனச்சிக்கினு இருக்கறான். சாவுற வரைக்கும் அதச் சொமந்துக்கினு இரு."

விரலை எடுத்தாள். முந்தானையால் அவன் கண்ணையும் கடைவாயையும் துடைத்தாள். ரத்தம் ஊறின கட்டின் மேல் போர்வையை இழுத்து மூடினாள்.

வேணு இரண்டு இளநீரோடு வந்து நின்றான்.

"இன்னாக்கா, அழுவுறாரு."

"வலிக்குதாம்," என்றாள் திரௌபதி. "அந்தக் குழல எடு. மெதுவாக் குடு."